எண்பத்தெட்டு புள்ளி ஆறு

சலவைக்கூடத்து வண்டி கப்பலேறி வந்தது. எங்கோ ஒரு நாட்டில் பத்து வருஷம் ஓடி, அந்த நாட்டுக்காரர்கள் போதுமடா சாமி என்று தள்ளிவிட்ட வண்டி. எஞ்சின் கிண்ணென்று இருந்தது. கதவு நான்கும் ஒழுங்காகச் சாத்தின. ரேடியோ மட்டும் உதவாக்கரை. அந்த நாட்டில் எஃப்.எம். எழுபத்தாறில் ஆரம்பித்துத் தொண்ணூறில் முடிந்துவிடுமாம். இங்கேயோ எண்பத்தெட்டுக்குக் கொஞ்சம் கீழே தொடங்கி நூற்றெட்டு வரை போகிறது. வண்டி ரேடியோ வாசல்படியைத் தொடும், வீட்டுக்குள் போகாது. எண்ணை எங்கே நகர்த்தினாலும் எண்ணெயில் தண்ணீர் தெளித்த மாதிரி இரைச்சல்தான்.

ரிப்பேர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? தீப்பெட்டி அளவில் ஒரு டப்பா கொண்டுவந்தார்கள். ஏரியல் கம்பியின் நடுவே அதைச் செருகிவிட்டால், வருகிற அலைகளையெல்லாம் பன்னிரண்டு எண் கீழே இறக்கிக் கொடுக்கும். நூறில் வருகிற நிலையம் வண்டியில் எண்பத்தெட்டாகத் தெரியும். "பன்னெண்டைக் கழிச்சுக்குங்க, அவ்வளவுதான்," என்று ரிப்பேர்க்காரர் சொன்னார். கப்பல் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. அவர்களைப் பொறுத்தவரை ஒவ்வொரு நிலையத்துக்கும் இரண்டு எண் உண்டு. ஒன்று நிஜ நம்பர், இன்னொன்று வண்டி நம்பர்.

இந்த வண்டியை ஓட்டியவரைச் சலவைக்கூடத்துப் பெண்கள் சாமியார் என்று கூப்பிட்டார்கள். தாடி, காவி ஒன்றும் கிடையாது. ஐம்பத்தாறு வயதில் ஒண்டிக்கட்டையாக இருந்தார், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார், அதற்காக வந்த பெயர். காலையில் மருத்துவமனைக்கும் நான்கு விடுதிகளுக்கும் வெளுத்த விரிப்புகளைக் கொண்டுபோவார். திரும்பும்போது அழுக்கு மூட்டைகளை ஏற்றி வருவார். ஊரார் படுத்து எழுந்த விரிப்புகளோடு நாளெல்லாம் சுற்றிவிட்டு, ஒற்றைக் கட்டிலும் ஒற்றை நாற்காலியும் உள்ள தன் அறைக்குப் போவார். அந்த நாற்காலியில் இன்னொருவர் உட்கார்ந்து பார்த்ததில்லை.

அவருக்கும் குடும்பம் இருந்தது. மனைவி, எட்டு வயதில் ஒரு மகள். பிழைக்க வெளிநாடு போயிருந்தபோது மனைவி படுக்கையில் விழுந்தாள். உடனே வா என்று தகவல் போயிற்று. அவர் போகவில்லை. அவள் செத்துப் பதினோரு நாள் கழித்துத்தான் பெட்டியோடு வந்து நின்றார். லீவு கிடைக்கவில்லை என்றார். மகள் அறையைவிட்டு வெளியே வரவே இல்லை. மனைவியின் தங்கைதான் வாசலுக்கு வந்து, "புள்ளையை நான் பாத்துக்கறேன். நீங்க இனிமே இங்க வராதீங்க," என்றாள். அவரும் சரி என்று போய்விட்டார். போராடியிருக்கலாம், வாசலில் கிடந்திருக்கலாம். மனிதர் போனார். பதினெட்டு வருஷம் ஓடிவிட்டது. யார் கேட்டாலும் லீவு கிடைக்கவில்லை என்ற அதே பதில்தான்.

எட்டு மாதத்துக்கு முன்னால் அவருடைய அக்கா போன் செய்தாள். ஊரின் மறுகோடியில் இருக்கிறவள். தம்பியை உறவென்று விசாரிக்கிற ஒரே ஆள்.

"டேய், உன் பொண்ணு ரேடியோவுல பேசுறாடா. கல்யாணத்துல அவ சித்தியைப் பார்த்தேன், அவதான் சொன்னா. வர்ற வழியில வண்டியில போட்டுக் கேட்டேன். மத்தியானம் ரெண்டு மணிக்கு. எண்பத்தெட்டு புள்ளி ஆறு."

சாமியார் எழுந்து நின்றுவிட்டார். ஆனாலும் தொழில் புத்தி போகவில்லை. "நிஜ நம்பரா, வண்டி நம்பராக்கா?"

"எனக்கு என்னடா தெரியும்? மாமா வண்டியில பார்த்தேன். என் கண்ணால பார்த்தேன்."

"அப்ப வண்டி நம்பர்தான்."

"சொந்தப் பேர்ல பேசலையாம். வேற என்னவோ பேர் வச்சிருக்காளாம். நீ பாட்டுக்கு அங்க போய் நின்னு வைக்காதே."

"போகல. கேக்கறேன், அவ்வளவுதான்."

மறுநாள் இரண்டு மணிக்கு மருத்துவமனையின் பின்பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு எண்பத்தெட்டு புள்ளி ஆறைப் பிடித்தார். "நூறு புள்ளி ஆறு, நான் உங்க மைனா" என்று ஒரு பெண் சிரித்தாள். நூறு புள்ளி ஆறில் பன்னிரண்டைக் கழித்தால் எண்பத்தெட்டு புள்ளி ஆறு. கணக்கு டாணென்று உட்கார்ந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மனிதர் குலுங்கிக் குலுங்கி அழுதார். அந்தச் சிரிப்பு அப்படியே அவள் அம்மாவின் சிரிப்பு என்று சத்தியமே செய்திருப்பார்.

அன்றிலிருந்து அவருடைய நாள் இரண்டு மணிக்கு விடிந்து நான்கு மணிக்கு அடைந்தது. அந்த இரண்டு மணி நேரம் மேம்பாலத்துக்கு அடியிலோ உயரக் கட்டடங்களுக்கு நடுவிலோ மாட்டிக்கொள்ளாதபடி விடுதிகளின் வரிசையை மாற்றினார். மைனா தும்மினால் இவருக்கு ஜுரம் வந்தது. மழை வரும், குடை எடுங்க என்று அவள் சொன்னாள் என்பதற்காக வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறவர் குடை வாங்கினார். நாளடைவில் அவள் குரலை ரேகை பார்ப்பதுபோலப் படிக்கத் தெரிந்துவிட்டது. இன்று தூங்கவில்லை, இன்று யாரோ திட்டியிருக்கிறார்கள், இந்தச் சிரிப்பு வாயளவுதான் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடுவார். சொல்லக் கேட்கத்தான் பக்கத்தில் ஆள் இல்லை.

ஒருநாள் பொறுக்க மாட்டாமல் இஸ்திரி மெஷின் அம்மாளிடம் மட்டும் சொன்னார். "அந்த மைனா இருக்கே, அது என் பொண்ணு." இஸ்திரி மெஷின் அம்மாளிடம் சொன்னால் ஊர்வலம் விட்ட மாதிரி. சாயங்காலத்துக்குள் துவைக்கிறவர், பிழிகிறவர், மடிக்கிறவர் அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது. மறுநாளிலிருந்து சலவைக்கூடம் முழுக்க மைனாதான் கூவினாள்.

"என்ன சாமியாரே, நீங்க பத்து வார்த்தை பேசினா மழை வரும். உங்களுக்கு இப்படி ஒரு வாயாடியா?" என்று பெண்கள் சீண்டினார்கள்.

"அவங்க அம்மா மாதிரி," என்றார் அவர். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இப்படியே போயிருந்தால் பாதகமில்லை. கேட்டுக்கொண்டே செத்துக்கூடப் போயிருப்பார். போன வாரம் மைனா ஒரு காரியம் செய்தாள். பேச்சுவார்த்தை விட்டுப்போனவர்களைப் பற்றி அன்றைய நிகழ்ச்சி. நேயர்கள் ஒவ்வொருவராக அண்ணன், தோழி, மாமியார் என்று சொல்லி முடித்தபின் அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எனக்கும் ஒருத்தர் இருக்காரு. எங்கப்பா. பேசி ரொம்ப வருஷமாச்சு. கோபமெல்லாம் எப்பவோ போயிடுச்சு. ஒருநாள் அவர் வந்து என் முன்னால நின்னா போதும்னு இருக்கு."

சாமியார் நட்ட நடு ரோட்டில் பிரேக் போட்டார். பின்னால் வந்தவர்கள் அவருடைய ஏழு தலைமுறையையும் இழுத்தார்கள். ஒன்றும் காதில் ஏறவில்லை. அன்று மருத்துவமனைக்கு விரிப்பு ஒன்றரை மணி நேரம் தாமதம். வராதே என்று பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் மூடிய கதவு, வா என்று திறந்துவிட்டது. அவருக்கு அப்படித்தான் பட்டது. பெற்ற மகளே கூப்பிட்ட பிறகு போகாமல் இருப்பானா ஒருவன்?

விஷயம் தெரிந்ததும் சலவைக்கூடத்துப் பெண்கள் அவர் சட்டையைப் பிடுங்கிக்கொண்டார்கள். பெரிய விடுதி விரிப்புகளுக்குப் போடுகிற கஞ்சியைப் போட்டுத் தேய்த்ததில் சட்டை தகரமாக நின்றது. "கட்டிப் பிடிக்கறப்ப பொண்ணுக்குக் குத்தாம பாத்துக்குங்க," என்றாள் இஸ்திரி மெஷின் அம்மாள். அவரும் சிரித்தார். அவர் சிரித்து அந்தப் பெண்கள் பார்த்தது அன்றுதான்.

வானொலி நிலையம் ஒரு நாற்காலிக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்தது. பன்னிரண்டரைக்கே போய் உட்கார்ந்துவிட்டார். வரவேற்பில் இருந்த பெண் யார் என்று கேட்டதற்கு, "மைனாவோட அப்பா," என்றார். அவள் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

ஒரு மணிக்கு மைனா வந்தாள். கையில் ஹெல்மெட். நாற்பதை நெருங்கும் வயது, நல்ல உயரம், வட்டமான முகம். இருபத்தாறு வயது மகள் இவள் இல்லை என்று பார்த்த மாத்திரத்தில் அவருக்குத் தெரிந்துவிட்டது. புத்திக்குத் தெரிந்ததை மனசு ஒப்புக்கொள்ள வேண்டாமா? எழுந்து நின்று, "உங்க சித்தி நல்லா இருக்காங்களா?" என்று கேட்டார்.

"எனக்குச் சித்தி யாரும் இல்லையே. நீங்க யாருங்க ஐயா?"

அவர் சொன்னார். கோர்வையாகச் சொல்ல வரவில்லை. பதினெட்டு வருஷம், எட்டு மாசம், அக்கா, வண்டி, போன வாரம் நீங்க சொன்னது என்று முன்னும் பின்னுமாக இழுத்தார். கேட்கக் கேட்க மைனாவின் முகம் சுருங்கிப்போயிற்று. ஹெல்மெட்டைத் தரையில் வைத்துவிட்டு அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஐயா, தப்பா நெனைக்காதீங்க. எங்கப்பா வீட்லதான் இருக்காரு. காலையில கூட ரிமோட்டுக்குச் சண்டை. போன வாரம் பேசினது எழுதிக் குடுத்ததுங்க. எதை எழுதிக் குடுத்தாலும் நாங்க படிப்போம்."

"எழுதிக் குடுத்ததா?"

"ஆமாங்க."

அவருக்கு அவமானமாக இருந்தது. அதைவிட, மகளின் கோபம் போகவே இல்லை, யாரும் வரச் சொல்லவே இல்லை என்பது உறைத்தது. கஞ்சிச் சட்டைக்குள் உடம்பு வேர்த்துக் கொட்டியது. மைனாதான் யோசித்துக் கேட்டாள்.

"உங்க வண்டி கப்பல் வண்டிதானே? எவ்வளவு கழிக்கணும்?"

"பன்னெண்டு."

"உங்க அக்கா வண்டியில?"

"அதுவும் கப்பல் வண்டிதாம்மா. பன்னெண்டுதான் இருக்கும்."

"அப்படி இல்லைங்க. டப்பாவுக்கு டப்பா மாறும். பத்து இருக்கு, பன்னெண்டு இருக்கு, பதினாறுகூட இருக்கு. எங்களுக்கு வர்ற போன்ல ஒருத்தர் உங்களை எண்பத்து நாலுல கேக்கறேங்கறார், ஒருத்தர் எண்பத்தெட்டுங்கறார். நாங்க இருக்கறது ஒரே இடத்துலதான். எதுக்கும் அக்காவைக் கேட்டுப் பாருங்க."

அவர் போன் போட்டார். "அக்கா, மாமா வண்டி ரேடியோவுல எவ்வளவு கழிக்கணும்?"

"கழிக்கறதா? என்னத்தைடா கழிக்கறது? இரு, மாமாவைக் கேக்கறேன்." தூரத்தில் மாமாவின் குரல் கேட்டது. "பத்தாம்டா. ஏன், என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லக்கா," என்று வைத்துவிட்டார்.

எண்பத்தெட்டு புள்ளி ஆறோடு பத்தைக் கூட்டினால் தொண்ணூற்றெட்டு புள்ளி ஆறு. அவருடைய வண்டிக்கு எண்பத்தாறு புள்ளி ஆறு. மகள் இரண்டே எண் தள்ளி எட்டு மாதமாகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். அவர் கேட்கவேண்டிய கேள்வியைச் சரியாகத்தான் கேட்டார், வண்டி நம்பரா நிஜ நம்பரா என்று. யாருடைய வண்டி நம்பர் என்று கேட்கத் தோன்றவில்லை. தன் வண்டியைப் போலத்தான் உலகத்து வண்டியெல்லாம் இருக்கும் என்று நினைத்தால் இதுதான் கதி.

"தொண்ணூத்தெட்டு ஆறுல ரெண்டு மணிக்கு ஒரு பொண்ணு வரும்," என்றாள் மைனா. "உதவி கேக்கற நிகழ்ச்சி. அதை மாதிரி பேசக் கத்துக்குங்கன்னு எங்க மேனேஜர் எங்களைத் திட்டாத நாள் இல்லை." வாசல்வரை வந்து, "போய்க் கேளுங்க ஐயா," என்று சொல்லிவிட்டு நின்றாள்.

வண்டியில் ஏறி உட்கார்ந்தார். இரண்டு மணிக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. எட்டு மாதமாகத் தொடாத பட்டனை அழுத்தி எண்களைக் கீழே இறக்கினார். எண்பத்தாறு புள்ளி ஆறில் யாரோ உரக்கடை விளம்பரம் செய்துகொண்டிருந்தார்கள். பிறகு மணி அடித்தது.

"வணக்கம். என்ன உதவின்னு சொல்லுங்க, சுருக்கமா சொல்லுங்க. கதை எல்லார் வீட்லயும் இருக்கு."

ஒரே மூச்சு. அவருக்குத் தெரிந்துவிட்டது. இது அவள் அம்மா. அந்த அதட்டல், ஒவ்வொரு வாக்கியத்தையும் கதவைச் சாத்துவதுபோல முடிப்பது, எல்லாம் அவள்தான். மைனாவின் சிரிப்பை மனைவியின் சிரிப்பு என்று எட்டு மாதம் நம்பியதை நினைத்தால் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. மனைவி அப்படி வாய்விட்டுச் சிரித்தவளே இல்லை. அதைக்கூட மறந்திருக்கிறார்.

முதலில் ஒரு பெண் பழைய தையல் மெஷினுக்குப் பெல்ட் எங்கே கிடைக்கும் என்று கேட்டாள். அடுத்து ஒருவர், வளர்த்த கிளி பறந்துபோய்விட்டது என்றார்.

"கூண்டைத் திறந்து வச்சது யாரு?"

"நான்தாங்க. காத்தோட்டமா இருக்கட்டும்னு."

"அப்ப அது பறந்து போகல. நீங்க அனுப்பி வச்சிட்டீங்க. பச்சைக்கிளி, கழுத்துல சிவப்பு வளையம், பார்த்தவங்க கூப்பிடுங்க. அடுத்தது."

தொலைபேசி எண்ணை அவள் இரண்டாம் தடவை சொன்னபோது அவர் விரல்கள் அதை அழுத்திக்கொண்டிருந்தன. அவராக முடிவு செய்ததாகச் சொல்ல முடியாது. மணி அடித்தது. போனும் ரேடியோவும் ஒன்றையொன்று பார்த்து ஊளையிடும் என்று ரேடியோ சத்தத்தை முழுக்கக் குறைத்தார்.

"வணக்கம். என்ன உதவி வேணும்?"

"ஒரு யோசனை கேக்கணும்மா."

"யோசனைதானே, கேளுங்க."

"எனக்கு ஒரு பொண்ணு. பேச்சுவார்த்தை இல்லை. போய்ப் பார்க்கலாமா கூடாதான்னு தெரியல."

"எத்தனை வருஷமா?"

"பதினெட்டு."

"பதினெட்டா? அப்படி என்ன செஞ்சீங்க?"

பொய் சொல்லத் தோன்றவில்லை. "அவ அம்மா சாவுக்கு வரல. பதினோரு நாள் கழிச்சுத்தான் வந்தேன்."

அந்தப் பக்கம் பேச்சு நின்றது. வானொலியில் யாரும் பேசாத ஐந்து விநாடி என்பது சாதாரணமில்லை. லைன் அறுந்துவிட்டது என்றே நினைத்தார். பிறகு போனில் தூரமாக ஏதோ ஒரு பாட்டு தொடங்கியது. அதற்கு மேலே, மிகப் பக்கத்தில் அவள் குரல்.

"நீங்களா?"

"நான்தாம்மா."

"இந்தப் பாட்டு நாலு நிமிஷம். நாம பேசறது வெளிய போகாது. ஏன் வரல?"

லீவு கிடைக்கல என்பது நாக்கு நுனியில் வந்து நின்றது. பதினெட்டு வருஷமாகத் தேய்ந்து வழவழப்பான பதில். வாயைத் திறந்தால் தானே வழுக்கி விழும். அவர் அதை விழுங்கினார்.

"லீவு குடுத்தாங்கம்மா. டிக்கெட்டும் எடுத்துக் குடுத்தாங்க. நான்தான் ஏறல. அவளை அந்தக் கோலத்துல பார்க்கப் பயமா இருந்துச்சு. இன்னும் ரெண்டு நாள், அதுக்குள்ள தேறிடுவான்னு சொல்லிக்கிட்டே ரூம்ல படுத்துக் கிடந்தேன். லீவு கிடைக்கலன்னு எல்லார்கிட்டயும் சொன்னது பொய்."

பாட்டில் இப்போது வாத்தியம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் போனை வைக்கவில்லை. மூச்சு கேட்டது.

"அம்மா கேட்டுக்கிட்டே இருந்தாங்க," என்றாள். "லீவு கிடைச்சிருச்சான்னு."

அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"பாட்டு முடியப் போகுது," என்றாள். "இப்ப வராதீங்க."

"சரிம்மா."

"இப்பன்னு சொன்னேன்."

"சரிம்மா," என்றார் மறுபடியும். அதற்குள் லைன் போய்விட்டது.

அவசர அவசரமாக ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார். பாட்டின் கடைசி வரி ஓய்ந்தது. "அடுத்த நேயர், சொல்லுங்க," என்றாள் அவள். யாரோ ஒருவர் தண்ணீர்த் தொட்டியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். "எந்தப் பக்கம் ஒழுகுது?" என்று கேட்டாள். குரல் கொஞ்சம் கரகரத்த மாதிரி இருந்தது. வார்த்தைக்கு முன்னால் ஒரு சின்னத் தயக்கமும் இருந்தது.

அவர் ரேடியோவுக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனார். மைனாவாக இருந்தால் ஒரு வார்த்தையில் சொல்லிவிடுவார், அழுதிருக்கிறாளா இல்லையா என்று. எட்டு மாதத்துப் பழக்கம். இது அழுத குரலா, இல்லை இவள் குரலே எப்போதும் இப்படித்தானா என்று அவருக்குத் தெரியவில்லை. வளர்ந்துவிட்ட மகளின் குரலை அவர் இன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்கிறார்.